இன்பராணி தலையாட்டவில்லை

செய்தி வந்தபோது நான் என் சித்தியின் செருப்பை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குப் போகும்போது அவர் பட்டை வைத்த பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு, நல்ல செருப்பை எங்கள் வீட்டு வாசலில் விட்டுப்போவார். சாயங்காலம் திரும்பிவந்து தேட வேண்டும். "ஏண்டி வாலு, எங்கடி வச்ச?" என்று கத்த வேண்டும். நான் பச்சைப்பிள்ளை மாதிரி முழிக்க வேண்டும். இதெல்லாம் எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம்.

அம்மாவின் போன் அடித்தது. ஜீப் ஸ்டாண்டிலிருந்து பேசினார்கள். போடிமெட்டிலிருந்து இறங்கிய வண்டியில் சித்திக்கு மூச்சு முட்டியிருக்கிறது. "ஒண்ணுமில்ல, ஏறி இறங்குனதுல களைப்பு" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த பாண்டீஸ்வரி அக்காவின் தோளில் தலையைச் சாய்த்திருக்கிறார். தூங்குகிறார் என்று நினைத்து அந்த அக்கா, வளைவுக்கு வளைவு வண்டி சாயும்போதும், தோளை அசைக்காமலே வந்திருக்கிறார். அடிவாரத்தில் எழுப்பியபோதுதான் தெரிந்தது. பாண்டீஸ்வரி அக்கா யார், அந்தத் தோள் எப்பேர்ப்பட்ட தோள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று சித்தியின் இதய வால்வைக் கெடுத்து வைத்திருந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். ஆனாலும் ஊரில் வேறு ஒரு பேச்சு ஓடியது. "மாத்திரை பாக்குற பொம்பளதானே, ருசி பாத்திருக்கும்" என்றார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு இதயம்தான் என்று எழுதிக்கொடுத்தார்கள். ருசி பார்த்துச் சொல்வதற்குச் சித்தி செய்தது சாம்பார் இல்லை.

என் சித்தியின் பெயர் இன்பராணி. வயது முப்பத்தாறு. போடியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறச் சந்தில், போதைப் பழக்கத்தில் மாட்டிக்கொண்டவர்கள் பயமில்லாமல் வந்துபோகிற மையம் ஒன்றில் வேலை பார்த்தார். புண்ணுக்கு மருந்து போடுவது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, வீட்டில் சண்டை என்றால் சமாதானம் பேசுவது என்று இருந்தவர், கடைசி மூன்று வருடங்களாக இன்னொரு வேலையும் செய்தார். ஆட்கள் கொண்டுவருகிற மாத்திரையிலும் தூளிலும் உண்மையில் என்ன இருக்கிறது என்று சோதித்துச் சொன்னார். பெயரில் இன்பம், பிழைப்பில் சோதனை என்று நான் அவரைக் கிண்டல் செய்வேன். "ரெண்டுக்கும் நடுவுல நீ ஒரு வேதனை" என்பார். இந்த விஷயத்தில் அவர் எனக்குச் சளைத்தவர் இல்லை.

படத்திறப்புக்கு மையத்தில் சின்ன நினைவு மலர் ஒன்று போடுகிறார்கள். "வாய் பேசுறேல்ல, நீயே எழுது. ஆனா மரியாதையா எழுது" என்று சொன்னார்கள். அதனால்தான் இத்தனை 'அவர்'. வீட்டில் நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன். இதைப் படித்தால், "யாருடி அந்தப் பெரிய மனுஷி, எனக்கும் அறிமுகம் பண்ணி வையி" என்று கேட்டிருப்பார்.

நான் எழுத ஒப்புக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுதான். சித்தி செத்த பிறகும் அவர் பெயரைச் சொல்லி மலையில் மாத்திரை விற்கிறார்கள். 'ராணி பாத்தது' என்று சொல்லி விற்கிறார்கள். நம்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த மலர் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது படித்துக் காட்ட வேண்டும்.

மையத்துக்கு வருவதற்கு முன் சித்தி ஏலக்காய்க் கடை ஒன்றில் பத்து வருடம் இருந்தார். போடியில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மலையிலிருந்து வருகிற காயை மூட்டை மூட்டையாகத் தரையில் கொட்டி, கையால் அளாவிக் கலந்து, அதிலிருந்து ஒரு கை அள்ளிச் சின்னப் பையில் போடுவார்கள். அதுதான் சாம்பிள். ஏல மையத்தில் அந்தப் பை கைமாறிக்கொண்டே போகும். வியாபாரிகள் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, நிறம் பார்த்து, ஒன்றை உடைத்து மோந்து பார்த்து, பார்த்த காயைத் தரையில் வீசிவிட்டு, விலை சொல்வார்கள். மூட்டைகளை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அள்ளிய ஒரு கைதான் அத்தனை மூட்டைக்கும் சாட்சி. ஊரே இப்படித்தான் ஓடுகிறது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரை எடைபோடுவதுகூட முதல் பத்து நிமிடத்தில்தான். சாம்பிள் பார்த்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டு மிச்ச வருடம் தூங்குவோம்.

கடையில் சாம்பிள் எடுக்கிற கை சித்தியுடையது. பெரிய காயை மேலே வாரி மோசடி செய்யாத கை என்று அவருக்குப் பெயர் இருந்தது. 'ராணி எடுத்த சாம்பிளா, சரி' என்று வியாபாரிகள் சொல்வார்களாம். இந்தப் பெயர் பின்னால் மலையேறி என்ன வேஷம் போட்டது என்பதற்கு இனிமேல் வருகிறேன்.

மையத்தில் சோதனை தொடங்கியபோது வெளியூரிலிருந்து இரண்டு பேர் வந்து அவருக்குப் பழக்கிக்கொடுத்தார்கள். பெரிய மெஷின் எதுவும் கிடையாது. மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைப்பார். காகிதப் பட்டை ஒன்றை அதில் முக்குவார். இரண்டு கோடு விழுந்தால், அந்தப் பட்டை தேடுகிற விஷயம் அகப்படவில்லை. ஒரு கோடு விழுந்தால், இருக்கிறது. ஒவ்வொரு பட்டையும் ஒரு வகையை மட்டும்தான் தேடும். எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லாது. தனக்குத் தெரியாதது இருந்தால் வாயே திறக்காது. சித்தியிடம் மூன்று வகைப் பட்டைகள் இருந்தன.

"போதைக்கு வழி காட்டுறா" என்று எங்கள் தெருவிலேயே பேசினார்கள். சித்தி அதற்கு, "வழி அவுங்களுக்கு ஏற்கெனவே தெரியும். குழி எங்க இருக்குன்னுதான் நான் பாக்குறேன். அதுவும் என் கண்ணுக்குத் தெரியிற குழியை மட்டும்" என்பார்.

பள்ளி விட்டதும் நான் நேரே அங்கேதான் போவேன். ஒருநாள் கல்கண்டைப் பொடித்துக் காகிதத்தில் மடித்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய், "சித்தி, எங்க கிளாஸ் பையன் ஒருத்தன் பையில இருந்துச்சு" என்று நீட்டினேன். சித்தியின் முகம் மாறிவிட்டது. கையுறை மாட்டிக்கொண்டு, மூன்று பட்டையையும் முக்கி, கோடு விழும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றிலும் இரண்டு கோடு.

"நான் தேடுனது எதுவும் இதுல அகப்படல" என்றார்.

"அப்ப நல்ல சரக்குதானே?"

"நல்லதுன்னு யாருடி சொன்னா? மூணு பேரைத் தேடி ஒரு வீட்டுக்குள்ள போனேன். அந்த மூணு பேரும் இல்ல. அதுக்காக வீட்டுல ஆளே இல்லன்னு சொல்லுவியா? கட்டிலுக்கடியில எவன் படுத்துருக்கானோ."

நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். "சித்தி, அது கல்கண்டு!" என்று மிச்சத்தை வாயில் போடப் போனேன். பட்டென்று கையில் ஓர் அடி. பொடி முழுவதும் தரையில்.

"கல்கண்டுன்னு நீ சொல்ற. உன் வாயைச் சோதிக்கிற பட்டை இன்னும் யாரும் கண்டுபிடிக்கல."

அன்று முழுவதும் அந்த அறையில் எறும்பு. எறும்பு வந்ததைப் பார்த்த பிறகும் அவர் அதைக் கல்கண்டு என்று ஒப்புக்கொள்ளவில்லை. "எறும்பு அதோட கருத்தைச் சொல்லுது" என்றார்.

இவ்வளவு கறாரான மனுஷிதான் ஒரே ஒருமுறை தவறினார்.

சொக்கண்ணன் ஜீப் ஓட்டுநர். காலையில் எஸ்டேட்டுக்கு ஆட்களை ஏற்றிப்போய், சாயங்காலம் இறக்கிக் கொண்டுவருவார். நடுவில் காய் லோடு அடிப்பார். சித்தியும் அவரும் ஒரே பள்ளியில், ஒரே பெஞ்சுக்குச் சண்டை போட்டவர்கள். வளைவில் வண்டி திருப்பித் திருப்பி முதுகு போய்விட்டது அவருக்கு. வலிக்கென்று யாரோ கொடுத்த மாத்திரை, பிறகு வலி இல்லாத நாளிலும் வேண்டியதாகிவிட்டது. அட்டையில்லாமல், தாளில் பொட்டலமாகக் கட்டி விற்கிற மாத்திரை. விடவேண்டும் என்று மையத்துக்கு வருவார். விடமுடியாமலும் வருவார். வந்தால் சிரிப்புச் சத்தம் சந்து முனைக்குக் கேட்கும்.

"ஏ ராணி, ரெட்டைக் கோடு விழுந்துருச்சா? ஆம்பளப்புள்ளையா, பொம்பளப்புள்ளையா?"

"உனக்குப் பொறந்தா ஜீப்புதாண்டா பொறக்கும். அதுவும் பிரேக் இல்லாம."

அன்று மத்தியானம் நல்ல மழை. நான் மையத்து வாசலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியை எஞ்சின் அணைக்காமல் நிறுத்திவிட்டு, நனைந்துகொண்டே சொக்கண்ணன் ஓடிவந்தார். பொட்டலத்திலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து மேசையில் வைத்தார்.

"வெரசாப் பாரு ராணி. லோடு நனையுது."

சித்தி பொடித்தார், கரைத்தார், முக்கினார். வெளியே வண்டியிலிருந்து யாரோ ஹாரனை அழுத்தினார்கள். சொக்கண்ணன் வாசலுக்கும் மேசைக்கும் நடந்தார். இரண்டு கோடு விழுந்தது.

"தேடுனது இதுல இல்ல" என்றார் சித்தி. அடுத்ததாகச் சொல்ல வேண்டிய பாடம் ஒன்று உண்டு: 'அகப்படலன்னா நல்லதுன்னு அர்த்தமில்ல.' எல்லோருக்கும் சொல்வார், நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஆனால் சித்தி கரைத்த தண்ணீரைக் கொட்டத் திரும்பிவிட்டார். சொக்கண்ணன் பொட்டலத்தை உயர்த்திக் கிலுகிலுவென்று ஆட்டிக் காட்டினார்.

"அப்ப இது பூரா சரிதானே?"

"ம்" என்றார் சித்தி. முகம் தொட்டிப் பக்கம் இருந்தது. தலை ஒருமுறை அசைந்தது.

சொக்கண்ணன் என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மழைக்குள் ஓடினார்.

மறுநாள் காலை போடிமெட்டில், ஓரமாக நிறுத்திய அவர் ஜீப்பில், ஸ்டீயரிங்கில் சாய்ந்தபடி இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, டீக்கடைக்காரர் நெடுநேரம் எழுப்பாமல் விட்டிருக்கிறார்.

பாண்டீஸ்வரி அக்கா அவருடைய மனைவி. எஸ்டேட்டில் காய் எடுக்கிறவர். காரியம் முடிந்த பிறகு, மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மையத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ பாத்துக் குடுத்ததுதானக்கா இது?"

"ஆமா. ஒண்ணைப் பாத்தேன்."

"அன்னைக்கி மேல போயி எனக்குப் போன் போட்டாரு. பயந்துக்கிட்டே கெடக்காத, ராணி பாத்துருச்சுன்னு சொன்னாரு. நானும் நிம்மதியா வச்சுட்டேன்."

சித்தி பொட்டலத்தைப் பிரித்தார். ஒவ்வொரு மாத்திரையாக எடுத்து, தனித்தனியாகப் பொடித்து, தனித்தனிக் கிண்ணத்தில் கரைத்தார். பாண்டீஸ்வரி அக்கா எதிரே நின்று பார்த்தார். இரண்டு கோடு. இரண்டு கோடு. இரண்டு கோடு. பிறகு ஒன்றில் ஒரு கோடு. பக்கத்தில் இருந்தவற்றுக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசமில்லை, அளவில் வித்தியாசமில்லை, மேலே இருந்த கீறல்கூட ஒன்றுதான். நானும் பார்த்தேன்.

சித்தி அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "காயின்னா நாங்க கொட்டிக் கலந்தோம். கலந்துட்டுத்தான் சாம்பிள் எடுத்தோம். இந்த மாத்திரையை யாரு கலந்தா? எந்த ரூமுல, எந்தக் கையி கலந்துச்சு? நான் பாட்டுக்கு மூட்டைக்குப் பதில் சொல்லிட்டேனே."

அன்று சாயங்காலம் வீட்டில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏண்டி, நீ வாசல்லதானே இருந்த. சொக்கன் கேட்டப்ப நான் என்ன சொன்னேன்? சொன்னேனா, சும்மா இருந்தேனா? எனக்கு ஞாபகமே வரமாட்டேங்குது."

என் வாயில் ஆயிரம் பொய் உண்டு என்பது ஊருக்குத் தெரியும். ஹெட்மாஸ்டரிடம், அம்மாவிடம், பஸ் கண்டக்டரிடம் என்று ஆளுக்கொன்று தைத்து வைத்திருப்பவள் நான். அன்று அவர் கண்ணைப் பார்த்ததும் எல்லாப் பொய்களும் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டன.

"ம்முன்னு சொன்ன சித்தி. தலையையும் ஆட்டுன."

"ம்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு என் சித்தி தலையாட்டி நான் பார்க்கவில்லை.

கேட்கச் சாதாரணமாக இருக்கும். நம்மில் ஒருவர் ஒருநாள் தலையாட்டாமல் இருந்து பார்க்கட்டும். "சாப்பிட்டியா?" என்றால் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, "நான் சாப்பிட்டுட்டேன்" என்பார். "இன்னும் சோறு போடவா?" என்றால் "வேண்டாம், போதும்" என்பார். அம்மாவுக்கு எரிச்சல். "என்னடி, கலெக்டராட்டம் முழுசு முழுசாப் பேசுற? தலையை ஆட்டுனா முத்தா உதுந்துரும்?" என்பார். கோயிலில் பூசாரி தட்டை நீட்டினாலும் தலை குனியும், ஆடாது. டிவியில் பாட்டுக்குக்கூட ஆடாது. நான் அவரை ஆட்டவைக்க எத்தனையோ தந்திரம் செய்தேன். காதருகே ஊதினேன், திடீரென்று கூப்பிட்டேன். கண் மட்டும் என் பக்கம் திரும்பும். வேடிக்கையாக ஆரம்பித்து, பிறகு எனக்கே பயமாகி நிறுத்திவிட்டேன். அந்தத் தலை மேல் ஏதோ ஒன்றை வைத்துச் சுமக்கிற மாதிரி இருந்தது. ஆடினால் விழுந்துவிடும் போல.

மையத்தில் பேச்சும் மாறியது. ஒரு மாத்திரையைச் சோதித்து முடித்ததும், கொண்டுவந்தவரை உட்காரவைத்துக் கண்ணைப் பார்த்துச் சொல்வார். இந்த வார்த்தைகளை இங்கே வந்துபோன எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள்:

"நான் பாத்தது கரைஞ்சு போச்சு. உன் கையில இருக்குறது நான் பாக்காதது. தெரியுதா? நான் பாத்ததை நீ முழுங்கப் போறதில்ல. நீ முழுங்கப் போறதை நான் பாத்ததில்ல. போடாம இருக்க முடிஞ்சா போடாத. முடியலன்னா தனியா இருக்காத."

"அப்புறம் எதுக்கக்கா இந்தச் சோதனை?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒத்தைக் கோடு விழுந்தா, அதைப் பாத்து நீ பயப்படணும்ல, அதுக்கு. ரெட்டைக் கோடு விழுந்தா, நீ பயப்படாமப் போயிரக் கூடாதுல்ல, அதைச் சொல்ல நான்."

இதற்குள் மலையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 'ராணி எடுத்த சாம்பிள்' என்று ஏல மையத்தில் இருந்த பெயர், மாத்திரை விற்கிறவர்கள் வாய்க்குப் போயிருந்தது. முதலில் அதைக் கேட்டுவந்து சொன்னவர் பாண்டீஸ்வரி அக்காதான். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லய வரிசையில், கூடக் காய் எடுக்கிற ஒருவர் பொட்டலத்தைக் காட்டி, "தைரியமாப் போடலாம், ராணி சேச்சி பாத்தது" என்றாராம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளா, அக்கா என்றால் அங்கே சேச்சி.

சித்தி அடுத்த ஞாயிறே கிளம்பினார். "உன் வாய்ச்சொல்லை மட்டும் நம்ப மாட்டாங்க. நானும் வர்றேன்" என்று பாண்டீஸ்வரி அக்காவும் ஏறிக்கொண்டார். அந்த இரண்டு பேரும் ஜீப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போவதைப் பார்த்து ஜீப் ஸ்டாண்டு வாயடைத்துப் போனது. நானும் சில வாரம் கூடப் போயிருக்கிறேன். வளைவுகளில் ஒருவர் மேல் ஒருவர் சாய்வார்கள். பேச்சு அதிகம் இருக்காது.

ஒரு லயத்தில் ஓர் ஆள் சித்தியிடமே பொட்டலத்தை நீட்டிச் சொன்னார்: "இது ராணி சேச்சி பாத்து விட்ட சரக்கு."

"நான்தாம்பா ராணி. இதை நான் பாக்கல."

அவர் சித்தியை மேலும் கீழும் பார்த்தார். பழைய செருப்பு, நனைந்த சேலை, மூச்சிரைப்பு. "சும்மா வெளையாடாதீக. அவுங்க பெரிய டாக்டரம்மால்ல. வெள்ளைக் கோட்டு, கண்ணாடி, மெஷினு எல்லாம் வச்சுருக்காகளாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சித்திக்கு வரவில்லை. போடிமெட்டில் மூடுபனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வரும்போது சித்தி அந்தப் பனியைப் பார்த்தே சொன்னார்: "எனக்கு முன்னாடி ஒருத்தி போய்க்கிட்டே இருக்கா, பாண்டி. நான் போற லயத்துக்கெல்லாம் எனக்கு முந்தி போயி, எல்லாம் சரி, எல்லாம் சரின்னு தலையாட்டிட்டு வர்றா. நான் ஜீப்புல போயும் அவளைப் பிடிக்க முடியல."

பாண்டீஸ்வரி அக்கா தன் முந்தானையால் சித்தியின் ஈரத் தலையைத் துவட்டிவிட்டார்.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சித்திக்குக் கடைசி. முதலில் நான் சொன்ன தோள் அந்தத் தோள்தான்.

எடுக்கிற அன்று தெரு கொள்ளாத கூட்டம். வியாபாரிகள் வந்தார்கள், ஜீப் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்கள், முழுக்கைச் சட்டை போட்டுக் கையை மறைத்துக்கொண்டு தூரத்தில் நின்று அழுதுவிட்டுப் போனவர்களும் உண்டு. தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வாயடைத்த சித்தியை நான் முதல்முறையாகப் பார்த்தேன். வண்டி நகர்ந்தது. எங்கள் தெரு முனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. முன் சக்கரம் ஏறி இறங்கியது, பிறகு பின் சக்கரம்.

சித்தியின் தலை இரண்டு முறை ஆடியது.

சுற்றி ஒரே அழுகை. வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன். யார் என்ன கேட்டார்கள், எதற்கு 'ஆமாம்' சொல்கிறார் என்று பைத்தியம் மாதிரித் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வண்டி குலுங்கியது, அவ்வளவுதான். எனக்குத் தெரியும். ஆனாலும் கண்ணை மூடினால் இன்னும் அந்தத் தலை ஆடுகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யாரும் போகச் சொல்லாமல், கால் தானாக ஜீப் ஸ்டாண்டுக்குப் போனது. மேலே போகிற வண்டிக்காக என் வயதுப் பையன் ஒருவன் காத்திருந்தான். எஸ்டேட்டில் பூச்சிமருந்து அடிக்கிற வேலை. சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பக்கத்தில் இருந்த சேக்காளியிடம் காட்டினான்.

"மாப்ளே, இது ராணி அக்கா சாகுறதுக்கு முன்னாடி கடைசியாப் பாத்து விட்டதாம்டா. இனிமே கெடைக்காதாம்."

எனக்குக் குரல் மாற்றிப் பேச வரும். ஹெட்மாஸ்டர் குரலில் மைக்கில் லீவு விட்டு, ஒரு வாரம் வெளியே நின்றவள் நான். சித்தியின் குரலும் வரும். அந்தக் குரலில் அம்மாவுக்குப் போன் போட்டு எத்தனையோ முறை ஏமாற்றியிருக்கிறேன். அவர் போன பிறகு அந்தக் குரலை நான் தொடவில்லை. அன்று அந்தப் பையனுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, சொன்னேன்:

"நான் பாத்தது கரைஞ்சு போச்சு, அப்பு. உன் கையில இருக்குறது நான் பாக்காதது."

அவன் திரும்பினான். அவனுக்குச் சித்தியைத் தெரிந்திருக்கிறது. எப்போதோ மையத்துக்கு வந்திருக்க வேண்டும். முகத்தில் ரத்தம் இல்லை. என்னைப் பார்த்தான், எனக்குப் பின்னால் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். சேக்காளி சிரிக்க வாயெடுத்து, சிரிக்காமல் நிறுத்திக்கொண்டான்.

"நான் அவுக அக்கா மக" என்றேன், என் குரலில். "அவுக எதையும் கடைசியாப் பாத்து விடல. மலைக்குப் போனது, பாக்கலன்னு சொல்றதுக்கு."

வண்டி கிளம்பியது. ஓடிப்போய்ப் பின்பக்கம் தொற்றிக்கொண்டான். பொட்டலம் சட்டைப் பைக்குள் திரும்பிப் போயிருந்தது. பையின் மேல் உள்ளங்கையை அழுத்திப் பிடித்தபடியே போனான். விழாமல் காத்துக்கொண்டானா, வெளியே வராமல் அமுக்கிக்கொண்டானா, என்னால் சொல்ல முடியவில்லை. நான் பார்த்தது அந்தக் கையை மட்டும்தான்.

படத்திறப்பில் வைக்கப்போகிற படத்தை இப்போதுதான் கொண்டுவந்து கொடுத்தார்கள். சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மின்விசிறிக் காற்றில் மாலை அசைகிறது. தலை நேராக இருக்கிறது.

இனி மரியாதை போதும் சித்தி. இதற்கு மேல் 'அவர்' என்றால் நீ எழுந்து வந்து அடிப்பாய்.

செருப்பு அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. ஒளித்த இடத்தை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை, உனக்குச் சொல்லிவிட்டேன். எடுத்துப் போட்டுக்கொண்டு போ. மலைப்பக்கமாகப் போனால் பனி இருக்கும், பார்த்துப் போ. வழியில் யாராவது பொட்டலத்தைக் காட்டி, "அக்கா, பாத்தாச்சா? பூரா சரிதானே?" என்று கேட்பார்கள்.

அசையாமல் நில் சித்தி. தலையை மட்டும் ஆட்டிவிடாதே.